பாவக் கணக்கில் நம் பங்கு எவ்வளவு?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். தப்பு செய்தவர் ஒருவர். பாதிக்கப்பட்டவர் இன்னொருவர். பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்கு வம்பு" என்று பேசாமல் இருந்தவருக்கு அந்தப் பாவத்தில் பங்கு உண்டா?

பொறியியல் மாணவியான எனக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் நானும் என் தோழிகளும் சைபர்ஜெயாவிலோ பாயான் லெப்பாசிலோ சிங்கப்பூரிலோ ஏதாவது ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலைக்குப் போய் உட்காரப் போகிறோம்.

நம் நாட்டில் கணினித் துறைக்குள் பெண்கள் நுழைவது அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. மேற்கு நாடுகளில் கணினி என்றாலே ஆண்பிள்ளைகள் வேலை என்ற நினைப்பு உண்டு. மலேசியாவில் மட்டும் கணினி அறிவியலில் ஏன் பெண்கள் இவ்வளவு அதிகம் என்று கேட்டு, உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் ஆய்வாளர் பினாங்கில் ஆய்வு செய்து 2009-இல் ஒரு கட்டுரையே எழுதினார். நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டாலே காரணம் ஓரளவு புரியும். "வெயில்ல அலைய வேணாம், ஏசி ரூம்ல உட்கார்ந்து செய்யற வேலை, பொம்பளப் பிள்ளைக்குப் பாதுகாப்பு." ஆனால் பாதுகாப்பு என்பது ஏசியிலும் நான்கு சுவரிலும் இல்லை. அந்த அறைக்குள் இருக்கும் மனிதர்களைப் பொறுத்தது அது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சூசன் ஃபவ்லர் ஊபர் நிறுவனத்தில் பொறியியலாளர். பயிற்சி முடிந்து, தன் குழுவில் சேர்ந்த முதல் நாளே அவருடைய மேலாளர் நிறுவனத்தின் சாட்டில் அவரிடம் தவறான எண்ணத்தோடு பேசினார். ஃபவ்லர் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனிதவளப் பிரிவில் புகார் கொடுத்தார். வந்த பதில் என்ன தெரியுமா? அவர் நன்றாக வேலை செய்பவர், இது அவருடைய முதல் தவறு, அதனால் கண்டித்து விடுகிறோம். வேண்டுமானால் நீங்கள் வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்த மற்றப் பெண்களிடம் பேசியபோதுதான், அதே ஆளைப் பற்றி ஏற்கெனவே புகார் போயிருப்பது ஃபவ்லருக்குத் தெரிய வந்தது. வேலையை விட்ட பிறகு, 2017 பிப்ரவரியில் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். விசாரணை நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். மற்ற சர்ச்சைகளும் சேர்ந்துகொள்ள, ஜூன் மாதம் தலைமை நிர்வாகியே பதவி விலகினார்.

இதில் குற்றவாளி அந்த ஒரு மேலாளர் மட்டும்தானா? புகாரை வாங்கி மூடி வைத்தவர்கள்? தெரிந்தும் தலையைக் குனிந்து கோட் எழுதிக்கொண்டிருந்தவர்கள்?

இதற்கு நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மகாபாரதத்தில் திரௌபதியின் கதையைச் சமய வகுப்பில் கேட்காதவர் இல்லை. துகில் நீண்டது என்பதோடு நாம் கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சபையில் பெரிய வாக்குவாதமே நடக்கிறது. தன்னைத் தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். துரோணர் வாயே திறக்கவில்லை. அப்போது விதுரர், காசியபர் சொன்னதாக ஒரு பழைய தீர்ப்பை எடுத்துச் சொல்கிறார். சபையில் அதர்மம் நடந்து, அதை யாரும் கண்டிக்காவிட்டால், பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு, கண்டிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. கண்டித்துவிட்டால் தலைவனும் சபையோரும் தப்பிவிடுவார்கள். முழுப் பாவமும் செய்தவன் தலையில்.

50, 25, 25. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவளுக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை.

நாம் போடும் கணக்கு எப்படி இருக்கிறது? "அவ ஏன் ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல இருந்தா?" "ஏன் அப்பவே சொல்லல?" "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?" செய்தவனுக்குக் கொஞ்சம், அவளுக்கு நிறைய, நமக்குப் பூஜ்யம். சாஸ்திரம் ஒரு விழுக்காடுகூடக் கொடுக்காத இடத்தில் நாம் தாராளமாக அள்ளிக் கொடுக்கிறோம்.

"பேசுனா வேலை போயிடும், வீட்டுக் கடன் யார் கட்டுவா" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான பயம்தான். பீஷ்மருக்கும் இருந்தது செஞ்சோற்றுக் கடன்தானே. ஆனால் விதுரரின் கணக்கு இந்தப் பயத்தையும் புரிந்து வைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லாருக்கும் அது சமமாகப் பங்கு பிரிக்கவில்லை. அதிகாரம் அதிகம் உள்ளவனுக்குப் பாதியை வைத்துவிட்டு, சபையில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துக் கால் பங்குதான் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் புதுப் பையனும் நிறுவனத் தலைவரும் ஒன்றல்ல. பங்கு சிறியது. ஆனால் அது பூஜ்யம் ஆகாது.

சட்டமும் மாறிக்கொண்டுதான் வருகிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. அப்பாக்களுக்கும் 7 நாள் உண்டு. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் சுவரில் ஒட்டிய தாள் மீட்டிங்கில் பேசாது. நாம்தான் பேச வேண்டும்.

பேசுவது என்றால் போராட்டம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நான் தொழிற்பயிற்சி செய்த இடத்தில் ஒரு மீட்டிங். ஓர் அக்கா ஒரு யோசனை சொன்னார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் அதையே சொன்னதும், "குட் ஐடியா" என்றார் பாஸ். உடனே எதிரே இருந்த ஓர் அண்ணன் சாதாரணமாக, "அக்கா முதல்லயே சொன்னதுதானே பாஸ், அவங்களே விளக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை, யார் வேலையும் போகவில்லை. அக்கா எழுந்து போய் வெள்ளைப் பலகையில் வரைந்து விளக்கினார்.

கௌரவர் சபையிலும் அப்படி ஒரு குரல் எழுந்தது. துரியோதனனின் தம்பி விகர்ணன். பெரியவர்கள் எல்லாம் பேசாமல் இருந்தபோது, திரௌபதி வெல்லப்படவில்லை என்று எழுந்து சொன்னவன் அவன்தான். சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி கர்ணன் அவனை அடக்கிவிட்டான். அன்றைக்கு அவன் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் அவன் சபையின் கால் பங்கில் சேராமல் தப்பினான். பேசுவதற்கு வெற்றி உறுதியாக இருக்க வேண்டும் என்று தர்மம் நிபந்தனை போடவில்லை. வயதையும் அது கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் வேலைக்குப் போன பிறகு திடீரென்று வராது. நம் இயக்கத்தின் கிளைக் கூட்டத்திலேயே தொடங்கலாம். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்போதும் யார்? முகாம் முடிந்ததும் பாத்திரம் கழுவுவது யார்? மைக் யார் கையில் இருக்கிறது? ஒரு பெண் பேசும்போது குறுக்கே பேசினால், "அவங்க முடிக்கட்டும்" என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? இங்கே, நமக்குத் தெரிந்த அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் மத்தியிலேயே சொல்ல வரவில்லை என்றால், சம்பளம் கொடுக்கும் முதலாளி முன்னால் எப்படி வரும்?

அடுத்த கிளைக் கூட்டத்தில் குறிப்புப் புத்தகத்தை இந்த முறை ஒரு தம்பி வாங்கிக்கொள்ளட்டும்.