முகமும் பெயரும்

நின்றுபோன நாளேடு ஒன்று எதை விட்டுச் செல்கிறது? அச்சான தாள்களை என்போம். மதுரையிலிருந்து கருமுத்து தியாகராசர் நடத்திய 'தமிழ்நாடு' நாளேட்டைத் தேடும் ஆய்வாளர்களும் அதன் பழைய இதழ்களையே தேடுவர். ஆயினும் எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில், செய்தித்தாள் அலுவலகங்களின் இழுப்பறைகளில் வேறொரு சேமிப்பும் இருந்தது, மனிதரின் உருவப்படங்கள். வாங்கிய படத்தைத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுத்து அச்சேற்றுவார்கள். தாளில் அம்முகம் கரும்புள்ளிக் கூட்டமாகிவிடும். கண்ணின் ஒளியும் நெற்றிச் சுருக்கமும் மூலப்படத்திலேயே தங்கிவிடும். படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், நாள், எத்தனை பத்தி அகலம் என்ற பென்சில் குறிப்புகள். என்னைக் கேட்டால், முகத்தைவிட அந்தப் பின்புறமே அரியது என்பேன்.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்வடிவில் பதிந்து வைத்துள்ளனர். போற்றத்தக்க பணி. ஆனால் ஸ்டூடியோப் படத்தில் இருப்பவர் யாரென்று பல வேளைகளில் யாருக்கும் தெரியாது. செய்தித்தாள் படமோ பெயரோடு வருவது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

எளிய மனிதரின் முகம் நாளேட்டில் வரக் காரணங்கள் எத்தனை? தேர்வில் முதலிடம், மரணம், காணாமற்போதல், கைது. வண்டியூர் வயலில் உழைத்த ஒருவர், வாழ்நாளெல்லாம் செய்தியாகாதவர், வழக்கொன்றில் சிக்கிய அன்று மட்டும் செய்தியாகியிருக்கலாம். விடுதலையான அன்று அவர் படத்தைக் கேட்டு யாரும் வந்திருக்க மாட்டார்கள். காப்பகம் அவரை அந்த ஒரு நாளிலேயே என்றென்றும் நிறுத்தி வைப்பது நீதியா?

இதையொத்த கேள்வி மதுரையிலேயே நீதிமன்றம் ஏறியது. குற்ற வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடினார். 2021-இல் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு பெயரை நீக்க ஆணையிட்டது. சூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது.

அம்மனிதரின் வலி எனக்கு விளங்குகிறது. எனினும் காப்பகத்துப் படத்திலிருந்து பெயரை அழிப்பதை என் மனம் ஏற்கவில்லை. பெயரோடு சேர்ந்து, குற்றமற்றவர் ஒருவர் கைதானார் என்ற உண்மையும் மறையும். அந்த மறதி அவரைவிட அவரைப் பிடித்தவர்களுக்கே பயன்படும். பாதுகாப்பது வேறு, காட்டுவது வேறு. உயிரோடிருப்பவர் படம் உறைக்குள் இருக்கட்டும். விடுதலையான செய்தியும் அதே உறைக்குள் சேரட்டும். படத்தைப் பிரதி எடுக்கச் சில நொடிகள் போதும். வழக்கு எப்படி முடிந்தது என்று தேட நாள்கணக்கில் ஆகும். ஆளில்லை, பணமில்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் முடிவு தெரியாத உறைகள் மூடியே கிடக்கட்டும்.

ஆனால் ஏழை வீடுகளில் பாட்டனுக்கு வேறு படமே இராது. கைதான அன்று எடுத்ததுதான் ஒரே முகம். பேத்தி ஒருத்தி வந்து கேட்டால் காப்பாளர் மறுக்கலாமா? படத்தைத் தரத்தான் வேண்டும். பின்புறத்தையும் பிரதி எடுத்துத் தருவதா என்று அவளிடமே கேட்கலாம்.