சாட்சியா? பொய்ச்சாட்சியா?

தியானப் பகுதி: மாற்கு 5:18-20, ஆதியாகமம் 40:14,15, 45:1



போன மாதம் ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிப சகோதரன் ஒருவர் என்னிடம் வந்தார். கையிலே நாற்பது பக்க நோட்டு. "பாஸ்டர், என் சாட்சியை எழுதியிருக்கேன். கன்வென்ஷனுக்குள்ள புத்தகமா அச்சடிக்கணும். நீங்க ஒரு முன்னுரை எழுதித் தரணும்" என்று கேட்டார். வாங்கி வாசித்தேன். நல்ல எழுத்து, இரண்டு இடத்திலே எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் முன்னுரை எழுத என் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

சாட்சி எழுதுவது தவறா? இல்லவே இல்லை. லேகியோன் பிடித்திருந்த மனிதன் விடுதலையானபோது, இயேசுவோடு படகிலே வர ஆசைப்பட்டான். கர்த்தரோ அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போய்ச் சொல் என்று அனுப்பினார். ஆகவே சொல்லத்தான் வேண்டும். கேள்வி வேறே. என் வாழ்க்கைக் கதை என்னுடையது மட்டும்தானா? அதிலே என் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். என் பாவத்தை அறிக்கையிட எனக்கு உரிமை உண்டு. அவர்களுடைய பாவத்தை அச்சிலே ஏற்ற எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இதை நான் வேதாகமக் கல்லூரியிலே படிக்கவில்லை. அடிபட்டுத்தான் படித்தேன்.

நான் அச்சடித்த புத்தகம்

எனக்கு அப்போது இருபத்தேழு வயசு. டிப்ளமோ முடித்துவிட்டு ஊழிய வாஞ்சையோடு இருந்த காலம். முப்பத்திரண்டு பக்கத்திலே என் சாட்சியை எழுதி, கடன் வாங்கி ஆயிரம் பிரதிகள் அச்சடித்தேன். அதிலே பதினோரு பக்கம் என் அப்பாவின் குடி. அவர் தள்ளாடி வந்தது, அம்மாவை அடித்தது, வீட்டிலே இருந்த ஆட்டைப் பிடித்துப் போய் விற்றது எல்லாம் எழுதினேன். நான் மூன்று தரம் தற்கொலைக்கு முயன்றதாகவும் எழுதினேன். உண்மை என்னவென்றால், ஒரே ஒரு தரம் கிணற்று மேட்டிலே போய் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான். எழுதும்போது ஒன்று மூன்றாகிவிட்டது.

ஜனங்கள் வாசித்து அழுதார்கள். பக்கத்து ஊர் சபைகளிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கூட்டத்திலே என் சாட்சியைக் கேட்டு, குடிகாரர் ஒருவர் முன்னாலே வந்து முழங்கால் போட்டார். நான் கர்த்தரை மகிமைப்படுத்தினேன். கூடவே என்னையும் கொஞ்சம் மகிமைப்படுத்திக்கொண்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஆனால் அந்த நாட்களிலே என் அப்பா குடியை விட்டு நாலு வருஷமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து கடைசி வரிசையிலே, செருப்பு கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலே உட்காருவார். கை தட்ட மாட்டார், ஆனால் வருவார். ஒருநாள் டீக்கடையிலே யாரோ என் புத்தகத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அப்பா பெஞ்சிலே உட்கார்ந்திருந்தாராம். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சபைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அம்மாதான் சொன்னார்கள். "நீ எழுதினது பொய்யில்லப்பா. ஆனா உனக்கு ஆறு வயசுல ஜன்னி கண்டப்போ, ராத்திரி மழையில உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரே, அதை ஏன் எழுதல?"

பிரியமானவர்களே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளையை (யாத்திராகமம் 20:16) நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். நடக்காததைச் சொன்னால்தான் பொய்ச்சாட்சி என்று நினைத்திருந்தேன். நடந்ததிலே பாதியை மட்டும் சொன்னாலும் அது பொய்ச்சாட்சியாகலாம். பதினோரு பக்கம் எழுதிய எனக்கு, அந்த மழை இரவுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையே!

1. யோசேப்பு சொன்னதும் சொல்லாததும்

சிறைச்சாலையிலே யோசேப்பு தன் கதையைப் பானபாத்திரக்காரனிடம் சொல்கிறான். எபிரெயர் தேசத்திலிருந்து தன்னைக் களவாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிறான். யார் கொண்டுவந்தார்கள்? சொந்த அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள் என்று சொல்லியிருந்தால் கேட்டவனுக்கு இன்னும் இரக்கம் வந்திருக்கும். யோசேப்பு அதைச் சொல்லவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னான். செய்தவர்கள் பெயரை விட்டுவிட்டான். பொய்யும் சொல்லவில்லை.

பிறகு அண்ணன்மார் முன்னாலே வந்து நின்றபோது, தன்னை வெளிப்படுத்துமுன் எகிப்தியர் எல்லாரையும் வெளியே அனுப்பினான். கதவைச் சாத்திய பிறகே, நீங்கள் விற்ற யோசேப்பு நான்தான் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான். பாருங்கள், உண்மையை மறைக்கவில்லை. ஆனால் உண்மைக்கு ஒரு அறை வைத்திருந்தான். "பிரதர், அந்தக் கதை முழுக்க வேதத்திலே இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லுகிற ஆவியானவர் அண்ணன்மாரை விற்றவர்களாக மட்டும் நிறுத்திவிடவில்லை. பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று மன்றாடின யூதாவையும் அதே கதையிலே காட்டுகிறார் (ஆதியாகமம் 44).

நம் தேசத்திலே ஒரு நல்ல மாதிரி உண்டு. 1905-ல் எழுப்புதல் உண்டான முக்தி மிஷனை நடத்திய பண்டித ரமாபாய் அம்மையார் 1907-ல் தம் சாட்சியை வெளியிட்டார். தாம் விட்டுவந்த மார்க்கத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். ஆனால் தகப்பனார் அனந்த சாஸ்திரியைப் பற்றி எழுதும்போது, வைதீகத்திலே கண்டிப்பானவர் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்தும் தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தவர் என்பதையும் மரியாதையோடு சொன்னார். அந்தத் தகப்பன் கிறிஸ்துவை அறியாமலே 1874-ல் பஞ்சகாலத்தில் மரித்தவர். இரட்சிப்பைச் சொல்ல, பெற்றவர்களை மிதிக்க வேண்டிய அவசியம் அந்த அம்மாவுக்கு இருக்கவில்லை.

2. நாம் காயப்படுத்தினவர்கள் எங்கே?

இங்கே இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது. என் புத்தகத்திலே என்னைக் காயப்படுத்தியவருக்குப் பதினோரு பக்கம். என் பாவத்துக்கோ, "நானும் பற்பல பாவங்களில் உழன்றேன்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்ளே என்ன ஒளிந்திருந்தது தெரியுமா? என் தங்கச்சியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஃபீஸ் பணத்தை எடுத்து சினிமாவுக்கும் சிகரெட்டுக்கும் செலவழித்தேன். அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை. பிறகு படிக்கவும் இல்லை. அவள் என் சாட்சிப் புத்தகத்திலே ஒரு இடத்திலும் வரவில்லை.

"அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டனை நாம் அறிவோம். 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலிலே தேவனைக் கூப்பிட்டவர். 1764-ல் தம் வாழ்க்கைக் கதையைக் கடிதங்களாக வெளியிட்டார். தேவதூஷணம் பேசினது, கீழ்ப்படியாமல் அலைந்தது எல்லாம் அதிலே உண்டு. ஆனால் மனந்திரும்பின பிறகும், 1754 வரைக்கும், ஆப்பிரிக்க ஜனங்களைச் சங்கிலியிலே பிணைத்துக் கொண்டுபோய் விற்கிற கப்பல்களில் அவர் வேலை செய்தார். மூன்று பயணம் கேப்டனாகவே போனார். அந்தத் தொழில் சிறைக்காவலன் வேலை மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை என்று எழுதினாரே தவிர, அது பாவம் என்று அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. அப்போது மனசாட்சி குத்தவில்லை என்றே எழுதினார். உலகம் எதையெல்லாம் பாவம் என்று சொன்னதோ அதையெல்லாம் அறிக்கையிட்டார். உலகம் மரியாதையான தொழில் என்று சொன்னதை விட்டுவிட்டார்.

24 வருஷம் கழித்து, 1788-ல், அடிமை வியாபாரத்துக்கு விரோதமாக ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். நானே அதிலே கை வைத்தவன், என் அறிக்கை பிந்தி வருகிறது, நடந்த கொடுமையை இது மாற்றாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றக் குழு முன்பாகவும் போய்ச் சாட்சி சொன்னார். பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த சட்டம் 1807-ல் வந்தது. அந்த வருஷம் டிசம்பரிலே நியூட்டன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

என்ன கற்றுக்கொள்கிறோம்? இரட்சிக்கப்பட்டவனுடைய முதல் சாட்சியிலும் பெரிய இருட்டு மூலை இருக்கலாம். கண் திறக்கப்பட்டபோது, "ஏற்கெனவே சாட்சி எழுதியாச்சே" என்று அவர் சும்மா இருக்கவில்லை. தன் சாட்சியைத் திருத்தினார்! எத்தனை பேருக்கு அந்தத் தாழ்மை உண்டு?

3. ஒன்று மூன்றாகக் கூடாது

பவுல் பரதீசு வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைப் பதினாலு வருஷம் கழித்துத்தான் சொல்லுகிறார். அதையும் யாரோ ஒரு மனிதனுக்கு நடந்ததுபோலச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். காரணம், தன்னை நேரிலே பார்க்கிறதற்கும் கேட்கிறதற்கும் மேலாக ஒருவரும் தன்னை எண்ணிவிடக் கூடாது (2 கொரிந்தியர் 12:2-6). நாமோ கொஞ்சம் கூட்டிச் சொன்னால் ஆத்துமா ஆதாயமாகும் என்று நினைக்கிறோம். பாவத்தையும் கூட்டுகிறோம், அற்புதத்தையும் கூட்டுகிறோம். கர்த்தருடைய கிருபைக்கு நம்முடைய பொய் ஒத்தாசை வேண்டுமா? கிணற்று மேட்டிலே அழுதவனை அவர் ஒரு தரம் திருப்பி அனுப்பினது போதாதா?

மூடக்கூடாதது எது?

இங்கே ஒரு எச்சரிப்பு. நான் சொல்லுகிறதை அக்கிரமத்தை மறைக்கிறதற்கு யாரும் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளையை, ஒரு பெண்ணை ஒருவன் இன்றைக்கும் கெடுத்துக்கொண்டிருந்தால், அவன் குடும்பத் தலைவனானாலும் சரி, ஊழியக்காரனானாலும் சரி, அதை மூடுவது அன்பு அல்ல. பவுலைக் கொல்லச் சதி நடந்தபோது அவருடைய சகோதரியின் மகன் சும்மா ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. சேனாதிபதியிடம் போய்ச் சொன்னான் (அப்போஸ்தலர் 23). காப்பாற்றக்கூடியவர்களிடம், சட்டத்தின் அதிகாரிகளிடம், உடனே சொல்ல வேண்டும். ஓய்ந்துபோன பாவத்தைப் புத்தகமாக விற்பது வேறே. நடக்கிற பாவத்தைத் தடுப்பது வேறே.

முதலில் வீட்டுக்கு

அந்த லேகியோன் மனிதனை இயேசு எங்கே அனுப்பினார்? நேராகத் தெக்கப்போலி பட்டணங்களுக்கா? இல்லை. உன் வீட்டுக்கு, உன் சொந்தக்காரரிடத்துக்குப் போ என்றார். ஏன்? வீட்டாருக்கு நம்மைத் தெரியும். கூட்டிச் சொன்னால் சிரிப்பார்கள், குறைத்துச் சொன்னால், "இதை ஏன் விட்டே?" என்று கேட்பார்கள். வீட்டிலே நிற்காத சாட்சி மேடையிலே எவ்வளவு நேரம் நிற்கும்?

ஆகவே அந்த வாலிப சகோதரனுக்கு நான் சொன்னது இதுதான். "தம்பி, இந்த நோட்டை அச்சகத்துக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாலே வீட்டிலே வாசிச்சுக் காட்டுங்க. அவங்க முகம் எங்கே வாடுதோ அங்கே பேனாவாலே கோடு போடுங்க. அவங்க சம்மதிக்காததை எடுத்துடுங்க. நீங்க யாருக்குக் கடன்பட்டிருக்கீங்களோ, முதல்லே அதைக் கொடுத்துட்டு அப்புறம் எழுதுங்க. சகேயு அப்படித்தான் செஞ்சான்." அவர் முகம் சுருங்கினது. ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

என் காரியம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மீதியிருந்த பிரதிகளை எரித்தேன். தங்கச்சியிடம் அவள் புருஷன் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் மகளின் படிப்புச் செலவிலே என் பங்கும் உண்டு. அது கடன், தானமல்ல. அப்பாவின் காலைப் பிடித்து அழுதேன். "அச்சடிச்சதை அழிக்க முடியுமாடா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் சபை வாசலை அவர் மிதிக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலே என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் பண்ண விட்டார். நான் ஆமென் சொன்னபோது அவர் உதடு அசைந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கர்த்தர் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

என் புத்தகத்தைக் கேட்டு ஒரு குடிகாரர் முன்னாலே வந்தார். என் புத்தகத்தைக் கேட்டு ஒரு தகப்பன் பின்னாலே போனார். இரண்டையும் கர்த்தர் தம் புத்தகத்திலே எழுதியிருப்பார் அல்லவா?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் நாவையும் பேனாவையும் உமது இரத்தத்தாலே கழுவும். எங்கள் பாவத்தை மறைக்காமலும், பிறர் பாவத்தை விற்காமலும் உம்முடைய கிருபையைச் சொல்ல எங்களுக்கு உதவி செய்யும். எங்கள் சாட்சியால் உம்மைவிட்டுத் தூரமாய்ப் போனவர்களை நீரே தேடிக் கூட்டிக்கொண்டு வாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.