பத்து வயதில் ஒரு தீர்ப்பு

உறுவையாற்றில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குக் காலாப்பட்டு நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்பில் சேர ஒரே ஒரு தேர்வுதான்: இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், அவற்றில் பாதி மனத்திறன். மறுமுறை எழுத முடியாது. பிறந்த தேதிக்கான வரம்போ இரண்டு ஆண்டுக்கும் மேல் விரிகிறது. பத்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டை நெருங்கும் குழந்தையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். நான்கு படங்களில் பொருந்தாதது எது என்று நின்று நிதானமாகப் பார்க்கும் பொறுமையே அந்த இரண்டு ஆண்டுகளில்தான் கூடிவருகிறது. முன்னால் பிறந்ததைத் தகுதியாக எண்ணுவது அறமாகாது என்றே நான் கருதுகிறேன்.

குறைந்தது 75 சதவீத இடம் கிராமத்துக்கு ஒதுக்கப்பட்ட பள்ளி இது. டியூஷன் பணம் பிள்ளைகளைப் பிரித்துவிடும் முன்பே இளவயதில் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம் என்பார்கள். வலுவான வாதம்தான், ஏற்கிறேன். ஆனால் அது இளவயதுத் தேர்வுக்கு அரணாகிறதே தவிர, வயதைக் கணக்கில் எடுக்காததற்கு அல்ல. இங்கிலாந்தின் பதினோரு வயதுத் தேர்வில் பிள்ளையின் வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் வழக்கம் உண்டு. இங்கும் அது முடியாததல்ல. அப்படிச் செய்தால், பிள்ளையை ஓராண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பெற்றோர் தவிக்கவும் வேண்டியிராது. ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, காலியாகும் இடங்களுக்கு மட்டும். அங்கே சில இடங்களை முன்கூட்டியே ஒதுக்கினால், பிந்தித் தெளியும் பிள்ளைக்கும் வழி கிடைக்கும்.