இரண்டாம் எடுப்பு

2017 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கின் வீரர் டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. போடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், ஒரு போன், ஒரு நாற்பது பக்க நோட்டு.

டிராஃப்ட் என்பது ஏலம் இல்லை. விலையை ஏற்றி ஏற்றிக் கேட்பது கிடையாது. இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பட்டியலில் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவருடைய விலை முன்பே குறிக்கப்பட்டிருந்தது. பத்து அணிகள் சுற்றுச் சுற்றாக, முறை வைத்து, ஆளைச் சொல்லி எடுத்துக்கொண்டன. சென்னையின் எஃப்சி எடுக்கும் பெயர்கள் போனில் வர வர, நான் நோட்டில் எழுதிப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டேன். தோய் சிங்குக்கு ஏழு. தனபால் கணேஷுக்கு எட்டு. அதில் ஒன்று தமிழ்நாட்டுப் பையன் என்பதற்காக. பிக்ரம்ஜித் சிங்குக்கு ஐந்து.

பிக்ரம்ஜித் ஆடி நான் ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. யூடியூபில் ஆறு நிமிஷ வீடியோ ஒன்று பார்த்திருந்தேன். முந்தைய வருஷம் நம் அணி எட்டில் ஏழாவதாக வந்திருந்தது. அந்தக் கடுப்பில் யார் வந்தாலும் எனக்கு ஐந்துதான்.

எட்டு மாதம் கழித்து, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூருவை அதன் சொந்தக் கூட்டத்தின் முன்னால் 3-2 என்று தோற்கடித்து சென்னை கோப்பையை வாங்கியது. நடுக்களத்தில் நின்றவர்கள் பிக்ரம்ஜித்தும் கணேஷும். அந்த டிராஃப்டின் விலை உயர்ந்த வீரர்கள் இரண்டு பேர், அனஸ் எடத்தொடிகாவும் யூஜின்சன் லிங்டோவும். ஆளுக்கு 1 கோடியே 10 லட்சம். அனஸை எடுத்த ஜாம்ஷெட்பூர் ஐந்தாவதாக முடித்தது. லிங்டோ முழங்கால் காயத்தில் சீசனின் பெரும்பகுதியைத் தவறவிட்டார். அவரை எடுத்த கொல்கத்தா அணி பத்தில் ஒன்பதாவது.

“என் கணிப்பு தப்பாப் போச்சு” என்று இதோடு முடித்துவிடலாம். கணிப்பு தப்புவது குற்றமில்லை. ஆனால் அடுத்த வருஷமே அதே சென்னை, ஏறக்குறைய அதே ஆட்களோடு, பத்தில் பத்தாவதாக வந்தது. இப்போது என் ஐந்து மார்க் சரியா தப்பா? எந்த வருஷத்தை வைத்துச் சொல்வது? அப்போதுதான் வேறொரு கேள்வி தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. சரியோ தப்போ, ஒரு ஆளுக்கு மார்க் போடுகிறபோது நான் செய்வது என்ன காரியம்?

*

போடியில் வளர்கிற யாரும் தரம் பிரிப்பதைப் பார்க்காமல் வளர முடியாது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் இ-ஏல மையம் இங்கே ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் புற்றடியில் ஒன்று. உலர்ந்து வந்த காயைச் சல்லடையில் போட்டு அளவு வாரியாகப் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு ரகம், ஏழிலிருந்து எட்டு ஒரு ரகம், அதற்குக் கீழே வேறு. பிறகு நிறம். பிறகு லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவில் காயை நிரப்பி நிறுத்தால் எத்தனை கிராம் என்பது. ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்று பேர் வாங்க வேண்டுமானால் காய் 7 மி.மீ. இருக்க வேண்டும், லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும்.

இவ்வளவு துல்லியமாகத் தரம் பார்த்தும் விலை அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. 2019-இல் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், அடுத்த சில வருஷங்களில் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. காய் அதே காய்தான். மழையும் வரத்தும் தேவையும் மாறியிருந்தன.

ஆக இங்கே மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. தரம் காயில் இருக்கிறது. விலை சந்தையில் இருக்கிறது. மூன்றாவதை ‘மதிப்பு’ என்று சொல்லலாம். 1785-இல் வந்த நூல் ஒன்றில் இமானுவேல் காண்ட் இதைத்தான் பிரித்துக் காட்டினார். விலை உள்ள எதற்குப் பதிலாகவும் அதே விலையுள்ள இன்னொன்றை வைத்துவிடலாம். மனிதருக்கு இருப்பது அப்படி ஈடு வைக்க முடியாத மாண்பு என்றார். டிராஃப்டில் ஒருவருடைய உழைப்புக்குத்தான் விலை, அவருக்கு இல்லை என்று சமாதானம் சொல்லலாம். சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் அப்படித்தானே? அதை நானும் ஏற்கிறேன். ஆனால் ரசிகனின் நோட்டில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. “இந்த விலைக்கு இவர் நம் அணிக்குப் பொருந்துவாரா” என்று தொடங்கி, நாலாவது பெயருக்குள் “இவனெல்லாம் எதுக்கு” என்று வந்து நிற்போம்.

*

டிராஃப்ட் என்ற முறையே ஒரு நியாயத்துக்காகப் பிறந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் பணக்கார அணிகள் நல்ல இளைஞர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, பிலடெல்பியா ஈகிள்ஸின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார். போன வருஷம் கடைசியில் வந்தவர் முதலில் எடுக்கட்டும். 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. தோற்றவனுக்கு முதல் வாய்ப்பு என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது முதலாளிகளுக்கு இடையிலான நியாயம். எந்த ஊரில், எந்த அணிக்கு ஆடுவது என்று முடிவு செய்கிற உரிமையைத்தான் அந்த நியாயத்துக்கு விலையாகப் பையன்கள் கொடுத்தார்கள். அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

2000-ஆம் வருஷ டிராஃப்டில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர் டாம் பிரேடி. ஏழு சூப்பர் பவுல் வென்றார். இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் முடிப்பார்கள்: திறமை எப்படியும் வெளியே வந்துவிடும், பார்த்தீர்களா என்று. எனக்கு அந்த முடிவின் மேல் நம்பிக்கை இல்லை. 199-ஆவதாகவாவது எடுத்ததால்தான் நமக்கு பிரேடியைத் தெரியும். எடுக்கப்படாதவர்களில் எத்தனை பிரேடி இருந்தார் என்பதற்குக் கணக்கு வைக்கவே முடியாது. தேர்வாளர்களின் தவறுகளில் ஒரு பாதிதான் வெளியே தெரியும். எடுத்துத் தோற்றது தெரியும். எடுக்காமல் இழந்தது தெரியவே தெரியாது.

*

டீக்கடை பெஞ்சில் இருந்த மூன்று பேரில் ஒருவன் என் கல்லூரி நண்பன். ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவன். சாம்பிள் காயைக் கையில் வாங்கி, ஒன்றைப் பிதுக்கி உள்ளே அரிசியின் நிறத்தைப் பார்த்தே விலை சொல்லக்கூடியவன். நான் பிக்ரம்ஜித்துக்கு ஐந்து போட்டதைப் பார்த்துவிட்டு,

“அஞ்சா? ஏன்டா, ஆள் ஆடிப் பாத்துருக்கியா?” என்றான்.

“வீடியோ பாத்தேன் மாப்ள.”

“எனக்கும் இப்படித்தான் போட்ட.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மூன்றாமவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கல்லூரி அணிக்கு ஆள் எடுத்த அன்று நான் கேப்டன். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேர், ஒரு மத்தியானம், ஆளுக்குப் பத்து நிமிஷம். நண்பன் முறை வந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “உயரம் பத்தாது சார்” என்றேன். மூன்று வார்த்தை. பொய்யும் இல்லை, அவன் குள்ளம்தான். சல்லடையில் போட்டேன், கீழே விழுந்தான், அவ்வளவுதான். அவன் அந்த வருஷத்தோடு பந்தைத் தொடுவதை விட்டான். நான் சொன்னது அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது என்பது எனக்கு இந்த டீக்கடையில்தான் தெரியும்.

“அடப் போடா, அன்னிக்கு நான் கேவலமாத்தான் ஆடுனேன்” என்று அவனே பேச்சை மாற்றினான். பிறகு, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஆனா ஒண்ணு மாப்ள. காயப் பாத்து ‘இது ரெண்டாந்தரம்’னு நான் சொன்னா காய்க்குக் கேக்காது. அது பாட்டுக்கு அதே காயாத்தான் இருக்கும். ஆளுக்குக் கேக்கும்ல?”

இத்தனை வருஷமாக நான் படித்த எதிலும் இந்த விஷயம் இவ்வளவு நேராக எனக்குக் கிடைத்ததில்லை. காயின் தரத்தைச் சொல்வது ஒரு தகவல். ஆளின் தரத்தைச் சொல்வது ஒரு செயல். உலர்ந்து சாக்குக்குள் வந்துவிட்ட காய் இனி மாறப்போவதில்லை. அதற்குப் போடும் மார்க் நடந்து முடிந்ததைப் பற்றியது. இருபது வயசுப் பையனுக்குப் போடும் மார்க், இனி நடக்க வேண்டியதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பயிற்சியாளர் அவனுக்குக் கொடுக்கும் நிமிஷங்களில், முதல் தப்பான பாஸுக்குக் கூட்டம் போடும் சத்தத்தில், ராத்திரி அவன் போனை எடுத்துத் தன் பெயரைத் தேடும்போது அது இருக்கிறது. பிறகு அவன் சரியாக ஆடாதபோது “நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்கிறோம். அந்தச் சரிவில் நம் சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

*

அப்படியானால் மார்க்கே போடக் கூடாதா? அப்படிச் சொன்னால் அது பொய்யான பெருந்தன்மை. பதினோரு பேர்தான் ஆட முடியும். நாற்பது பேரில் யாரோ வெளியே நிற்கத்தான் வேண்டும். ‘எல்லோரும் சமம், யாரையும் எடை போடாதே’ என்பவர்கூட உடம்பு முடியாவிட்டால் நல்ல டாக்டரைத் தேர்ந்துதான் போவார். ரசிகனிடம் போய் எடை போடாதே என்றால், பார்க்காதே என்று சொல்வதற்குச் சமம்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம், ஆளை எப்படித் தேர்வது என்பதைப் பற்றி. அதன் கடைசிக் குறள் சொல்வதைச் சுருக்கினால் இரண்டு தப்பு வரும்: ஆராயாமல் ஒருவரை நம்புவது, ஆராய்ந்து நம்பிய பிறகு அவரைச் சந்தேகப்படுவது. இரண்டும் தீராத துன்பம் தரும். முதல் பாதியைத்தான் நாம் வழக்கமாகப் பிடித்துக்கொள்கிறோம், நன்றாக ஆராய வேண்டும் என்று. டிராஃப்ட் முடிந்த பிறகு ரசிகனுக்கு வேண்டியது இரண்டாம் பாதி. எடுப்பது வரைக்கும் அவர் ஒரு தேர்வு. எடுத்த பிறகு நம்முடைய ஆள். தேர்வுக்கு முன்னால் கடுமையாக இருந்ததற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே கடுமையைப் பிறகும் நீட்டினால் அவர் தோற்பதைக் காத்திருந்து பார்க்கிற ஆளாகிவிடுகிறோம்.

எடுக்கப்படாதவர்களுக்கு என்ன செய்வது? அதற்குக் குறளைவிட மலைதான் எனக்கு வழி காட்டியது.

ஏலச்செடியின் சரம் தூரடியில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரே சரத்தில் அடியில் காய் முற்றியிருக்கும், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ. எல்லாம் ஒரே நாளில் முற்றாது. அதனால்தான் ஏலக்காயை ஒரே தடவையாக அறுப்பதில்லை. மாதம், ஒன்றரை மாதம் இடைவெளி விட்டு, சுற்றுச் சுற்றாக எடுப்பார்கள். விடியும் முன்னே போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எடுப்புக்குப் போகும் பெண்களின் விரலுக்கு அது தெரியும். முற்றாததைத் தொட்டுவிட்டு அப்படியே விடுவார்கள். ஒரே சரத்தில், ஒரே நிமிஷத்தில், ஒன்றை எடுத்து ஒன்றை விடுகிறார்கள். தேர்வுதான் அதுவும். ஆனால் விடுவதற்கு அங்கே ‘ஆகாது’ என்று அர்த்தமில்லை. அடுத்த எடுப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

நாற்பது பேர், ஒரு மத்தியானம், பத்து நிமிஷம் என்று நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லாமல் போனது இதுதான். என் தப்பு, அவன் குள்ளம் என்று சொன்னது இல்லை. அடுத்த சுற்று ஒன்று உண்டு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது நான்.

ஐ.எஸ்.எல்.-இல் அந்த 2017-க்குப் பிறகு டிராஃப்ட் கிடையாது. அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன. என் நோட்டு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் புதிதாக வரும் பெயர்களை எழுதுகிறேன், மார்க்கும் போடுகிறேன், பழக்கம் விடவில்லை. ஒரே ஒரு மாற்றம். மார்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு வெறுமையாக விடுகிறேன், சீசன் பாதியில் திரும்பி எழுத.

ஒருமுறை நோட்டை நண்பனிடம் நீட்டி, “நீ போடு” என்றேன். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான். பேனாவை வாங்கி ஒரே ஒரு பெயருக்கு நேராக, மார்க் கட்டத்தில், ‘இன்னும் பாக்கல’ என்று எழுதிவிட்டுக் கொடுத்தான்.