படிக்காதவர் தரும் பரிசில்

கதை எழுதிக் காசு வாங்குவது இழிவு என்று யார் சொன்னது? சரஸ்வதி இருக்கும் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள். இதை நம்பி வயிறு காய்ந்தவர் எழுத்தாளர். ராயல்டி தராமல் தப்பித்தவர் பதிப்பாளர். எல்லா மூடநம்பிக்கைக்கும் போல இதற்கும் யாரோ ஒருவரின் லாபக்கணக்கு இருக்கிறது.

தகடூரில் இந்தக் கூச்சம் இருந்ததில்லை. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் நாளைக் கடத்தியபோது ஔவையார் வாயிற்காவலனிடம் சீறியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. உன் அரசனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டு, யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேறு ஊரில் சோறா கிடைக்காது! நாம் அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியைப் பிடித்துக்கொண்டோம், இந்தச் சண்டையை விட்டுவிட்டோம்.

அடுத்து 208. மலை பல தாண்டி வந்த பெருஞ்சித்திரனாரை அதியமான் நேரில் பார்க்கவில்லை. பொருளை மட்டும் கொடுத்து, வாங்கிக்கொண்டு போகட்டும் என்றுவிட்டான். புலவர் ஏற்கவில்லை. காணாமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரியா, என் தகுதி அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்கிறார். வசதியில் பேசிய பேச்சில்லை இது. குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்னும் தன் மனைவியைப் பற்றி வள்ளல் குமணனிடம் பாடியவரும் இவர்தான்.

இப்போது செல்போனை எடுங்கள். 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி என்ற கதைச் செயலியில் வாசகர் காசு கொடுத்து நாணயம் வாங்கி, கதைக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். 2016இல் வந்த வலைப்பதிவுத் தளமான ஸ்டீமிட்டில் பதிவுக்கு விழும் ஓட்டே டிஜிட்டல் பணமாகும். பணம் வருவதில் எனக்கு மறுப்பில்லை, வரட்டும். நள்ளிரவில் பாத்திரம் கழுவிவிட்டுத் தொடர்கதை எழுதும் பெண்ணுக்கு அதில் ஒரு சிலிண்டர் காசு வந்தால் எந்த இலக்கியம் கெட்டுவிடும்?

கெடுவது வேறு இடத்தில். பத்து நிமிடம் படிக்கவேண்டிய கதை ஏறிய மறுநிமிடமே "அருமை சகோ" விழுகிறது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில், "அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன் தோழி, என் கதைக்கும் போட்டுடுங்க." மொய்யாவது நோட்டில் எழுதி வைக்கிற நேர்மையான கடன், அதை யாரும் விமர்சனம் என்று சொல்லிக்கொள்வதில்லை. இங்கே படிக்காதவர் படித்ததாகச் சொல்கிறார், பொய் என்று தெரிந்தே எழுதியவர் நன்றி சொல்கிறார். பொருள் தெரியாத மந்திரத்துக்குத் தட்டில் காசு போடுவதைக் கேலி செய்யும் பகுத்தறிவாளரும் இந்த வரிசையில் நிற்கிறார்.

ஸ்டீமிட்டில் இன்னும் ஒரு படி மேல். அந்த டிஜிட்டல் பணத்தை அதிகமாக முடக்கி வைத்திருப்பவரின் ஓட்டுக்கு அதிக எடை. காசு கொடுத்தால் ஓட்டுப்போடும் பாட் நிரல்களும் அங்கே வாடகைக்குக் கிடைத்தன. இயந்திரம் காணாமல் கொடுக்கிறது, மனிதர் கைநீட்டி வாங்குகிறார். வரவு ஏழு நாள்தான். எட்டாம் நாள் ஒருவர் உட்கார்ந்து படித்து உருகி ஓட்டுப்போட்டாலும் அந்தக் கதைக்குக் காசு கிடையாது. அதனால் எழுதுகிறவர் பழைய கதையைத் திருத்த உட்கார்வதில்லை, அடுத்ததை ஏற்றுகிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, விதி அப்படி.

அதே தளத்தில், கதையைப் பதியும்போதே வெகுமதி வேண்டாம் என்று குறிப்பிடும் வசதியும் உண்டு. வேண்டாமென்றால் மொத்தமும் வேண்டாம். படித்தவர் தந்ததை வைத்துக்கொண்டு, படிக்காதவர் தந்ததை மட்டும் அவர் முகத்துக்கு நேரே திருப்பித்தர வழியில்லை. துறவியாக இடமிருக்கிறது, பெருஞ்சித்திரனாராக இல்லை.

அதற்குப் பொத்தான் எதற்கு? அடுத்தமுறை "சூப்பர்" என்று எழுதுகிறவரிடம், உங்கள் கதையின் மூன்றாம் பாகத்தில் அந்த அக்கா ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று கேட்டுப்பாருங்கள்.