செடிக்கு முதலில் இடம்

இலண்டன் கியூ பூங்காவிலே 1863இல் திறக்கப்பட்ட பெரிய கண்ணாடி மண்டபத்தை 2013 முதல் ஐந்தாண்டு மூடிப் புதுப்பித்தார்கள். மாற்றிய கண்ணாடிகள் 15,000. செலவு 4 கோடியே 10 இலட்சம் பவுண். லயங்களில் தகரம் ஒழுகும்போது செடிகளுக்கு இத்தனை செலவா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கு உடன்பாடில்லை. உலகில் எங்குமே பெண் துணை அகப்படாத ஆண் மரமொன்றும் அம்மண்டபத்தில் உண்டு. அதைக் காப்பது ஆடம்பரமா?

என் மனதை உறுத்துவது அவர்கள் வேலை செய்த ஒழுங்கு. கூரையில் கைவைக்குமுன் நூற்றுக்கணக்கான செடிகளைப் பத்திரமாக வேறிடம் சேர்த்தார்கள்.

அதே ஆண்டுகளில், 2014 ஒக்டோபர் 29இல், நமது பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. ஆபத்தான இடமென்று 2005இலேயே எச்சரித்திருந்தார்கள். குடிபெயர்ந்து போக 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016இல்.