எச்சமும் ஈகையும்

எச்சம், எச்சில் ஆகிய இரு சொற்களும் 'எஞ்சு' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. உண்டவர் எழுந்தபின் இலையில் கிடப்பது எச்சில். அதைத் தொட்டால் கை கழுவுகிறோம். எச்சமோ இலக்கண நூலுக்குள் சென்று அமர்ந்துவிட்டது. 'வந்த' என்றும் 'செய்து' என்றும் பொருள் முடியாமல் நின்று, தன்னை முடித்துவைக்கும் ஒரு பெயரையோ வினையையோ எதிர்நோக்கும் சொல்லுக்கு எச்சம் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலே எச்சவியல்தான். வள்ளுவரும் நடுவுநிலைமை கூறுமிடத்து ஒருவரது தகுதியை அளக்கும் கோலாக எச்சத்தைக் காட்டினார். அதற்கு நன்மக்கள் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர்.

இச்சொல்லாராய்ச்சிக்குக் காரணம் ஒரு குரோஷா ஊசி என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். எஞ்சிய நூலையும் பழந்துணியையும் கொண்டு பின்னிய பொருளை ஒருவருக்குப் பரிசாக அளிக்கிறோமே, நாம் அளிப்பது எச்சமா, எச்சிலா என்பதே என் வினா.

தலைநகருக்கு வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இங்கு வந்த பின்னரே கம்பளியைத் தொட்டவர்கள். மார்கழி வெயிலில், உணவு இடைவேளையில், அலுவலகப் புல்தரையில் அமர்ந்து வடநாட்டுத் தோழியர் பின்னுவதைக் கண்டு கற்றுக்கொண்டோம். குளிர்காலம் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கால் உருண்டை, அரை உருண்டையாகக் கம்பளி மிஞ்சும். அவற்றோடு கிழிந்த பனியன், சாயம் போன பருத்திப் புடவை, ரவிக்கை தைத்த பின் மிஞ்சிய ஓரத்துண்டு ஆகியவையும் சேரும். பனியனை ஒரே நீள்பட்டையாக வெட்டி இழுத்தால் அது தானே சுருண்டு தடித்த நூலாகிவிடும். புடவையைக் கிழித்து முடிந்தால் மிதியடி ஆகும். மீந்த கம்பளியில் குழந்தைக் குல்லாய், கைபேசி உறை, சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்த போர்வை ஆகியன உருவாகும். இவற்றுள் பல பரிசுகளாகவே வீட்டைவிட்டு வெளியேறுகின்றன.

பெறுபவர் முகத்தில் அப்போது ஒரு கணம் தோன்றும் வினாவை நான் பலமுறை கண்டதுண்டு: "கடையில் வாங்கியதா, வீட்டில் கிடந்ததா?" ஒரு பெயர்சூட்டு விழாவில் ஒரு முதியவள் வாய்விட்டே கேட்டாள், "பச்சைக் குழந்தைக்குப் பழைய நூலிலா?" என்று. பச்சைக் குழந்தையைப் புத்தாடையில் கிடத்தாமல், துவைத்துத் துவைத்து மென்மையேறிய பழந்துணியில் கிடத்துவதல்லவா நம் வழக்கம்! தூளி கட்டுவதும் தாயின் பழம்புடவையில்தானே! வங்கத்தில் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை ஆக்கினர். பிறந்த குழந்தைக்கு உரிய பொருள் அது. ஆகவே பழமை தன்னளவில் இழுக்கன்று. யாரை எண்ணி அந்தப் பழமை எடுக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதன் மறுபுறத்தை நவராத்திரியில் காணலாம். கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ரவிக்கைத்துண்டு ஒன்று வைத்துக் கொடுக்கிறோம். புத்தம் புதியது, கடை மடிப்புக் கலையாதது. ஆயினும் அதை எவரும் தைத்துக்கொள்வதில்லை. அடுத்த வீட்டுக் கொலுவுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் அது பயணம் செய்கிறது. நான்காம் ஆண்டில் தன் துண்டே தன்னிடம் திரும்பி வந்ததைக் கரையடையாளத்தால் கண்டுபிடித்த அம்மையார் ஒருவர் எங்கள் குடியிருப்பில் உண்டு. எவரையும் எண்ணி வாங்கப்படாத அத்துண்டு எவருக்கும் உரியதாகாமல் அலைகிறது. புதியதாயினும், என் கணக்கில் அதுவே எச்சில்.

இவ்வளவு கூறியதால் மிச்சத்தில் செய்வதெல்லாம் மேன்மை என்று நான் வாதாடுவதாகக் கொள்ளல் ஆகாது. கொடுப்பவர் பக்கம் ஒரு கள்ளத்தனம் ஒளிந்திருக்க முடியும். அலமாரியில் இடமில்லை; நூலுருண்டைகள் கண்ணை உறுத்துகின்றன; அவற்றை ஒழிக்க ஒரு விரிப்பைப் பின்னி, அதையும் ஒழிக்க ஒருவரைத் தேடுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் பழம்புடவையைக் கொடுத்துவிட்டு, அன்று முழுதும் நம்மைக் கொடையாளராக எண்ணிக்கொள்வதும் இவ்வகையே. அதே புடவையைப் பாத்திரக்காரி கேட்டாலோ, இன்னும் ஓர் எவர்சில்வர் கிண்ணம் தந்தாலொழிய விடுவதில்லை! அவளிடம் விலையுள்ள பொருளாக இருந்தது வேலைக்காரியிடம் கருணையாக மாறிவிடுகிறது.

பாலித்தீன் பைகளை வளையமாக வெட்டி, கோத்து, பாயாகவும் பையாகவும் பின்னிவிட்டு உலகைக் காத்துவிட்டதாகப் பெருமை கொள்வோர் பற்றியும் ஒரு சொல். 120 மைக்ரானுக்கு மெலிந்த பைகளை அரசு 2022 டிசம்பர் இறுதியோடு விலக்கிய பின்னும் அவை நம் சமையலறைக் கதவின் பின்னால் தொங்கத்தான் செய்கின்றன. அவற்றைப் பின்னுவது நல்லதே. ஆனால் வெயில்பட்ட பாலித்தீன் நொறுங்கும். குப்பை மேட்டை அடையும் நாள் தள்ளிப்போகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை. பின்னுவோரிடையே மற்றொரு வேடிக்கையும் உண்டு. மீந்த சிவப்பு நூலைத் தீர்க்க ஒரு பொருளைத் தொடங்குவோம். பாதியில் நூல் போதாது. புதிய உருண்டை வாங்குவோம். முடிவில் முன்னிலும் மிகுதியாகச் சிவப்பு மீந்து நிற்கும்.

நூல் ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பின்னுவதற்குச் செலவான நேரம் எங்கிருந்து வந்தது?

குரோஷாவுக்கு ஓர் இயல்பு உண்டு. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் ஏறி நிற்கும்; ஊசி நழுவினால் அத்தனையும் ஆபத்தில். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் உயிரோடு இருக்கும். ஆதலால் குக்கர் கூவினால் வைத்துவிடலாம், பேருந்து நின்றால் பைக்குள் போடலாம். துண்டு துண்டாகச் சிதறிய நேரத்துக்கு ஏற்ற கலை இது. அத்தகைய நேரம் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று கூறவேண்டியதில்லை. மேலும், துணி நெய்யவும் பனியன் பின்னவும் எந்திரங்கள் வந்துவிட்டபோதிலும், மெய்யான குரோஷாவை ஆலையில் பெருமளவில் பின்னித் தள்ளும் எந்திரம் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. கடைத்தெருவில் மலிவாகத் தொங்கும் குரோஷாப் பையும் ஒருத்தியின் விரல்களால் ஆனதே.

கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம் இக்கலையால் பெயர்பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் கிறித்துவ மதப்பணியாளர் வழியே அங்கு பரவிய இப்பின்னல் வேலை கடல் கடந்து விற்பனையாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள், தொழிலாளர் என்று எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்கும் இல்லத்தரசியர் என்றே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணமே கூலியைத் தாழ்த்தி வைக்கத் துணைநின்றது என்பது அவர் கண்ட உண்மை. 2024இல் நரசாபுரப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்புக் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. பின்னும் விரல்களின் மணிக்கணக்கு வேறு செய்தி.

அக்கணக்கை வீட்டுக்குள் போட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன குழந்தைப் போர்வையில் 48 சதுரங்கள். என் கைக்குச் சதுரம் ஒன்றுக்கு அரை மணி; இணைத்து ஓரம் கட்ட 8 மணி; ஆக 32 மணி. நான் எழுத்தராகப் பணியாற்றும் மத்திய அரசு அலுவலகக் கணக்கில் உணவு இடைவேளை நீக்கி 4 முழு வேலைநாள்கள். இதற்கு ஈட்டிய விடுப்பு கோரி விண்ணப்பித்தால் எந்தப் பிரிவு அலுவலர் ஒப்பமிடுவார்? ஆயினும் வீட்டில் இதற்குப் பெயர் 'சும்மா இருக்கும்போது செய்தது'. நூலைப்போலவே நேரமும் மிச்சமாம்! உண்மையில், அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் பங்கிட்ட பின், ஒருத்தி தனக்கென்று வைத்துக்கொள்ளக் கிடைத்த நேரம் அது ஒன்றே. பிறருக்குரியவை அனைத்தும் போக எஞ்சியதால் அதை மிச்சம் என்கிறோம். அவளிடத்திலிருந்து பார்த்தால் அதுவே முதல்.

இங்குதான் என் வினா கூர்மையடைகிறது. தன் மேலதிகாரி இல்லத் திருமணத்துக்கு, "எங்கள் வீட்டில் பின்னித் தருவார்கள்" என்று கணவர் வாக்களித்துவிட்டு வருகிறார். மனைவி இரவு பதினொரு மணிவரை விழித்து மேசைவிரிப்பை முடிக்கிறாள். மேடையில் அதை அளிப்பவர் அவர். நன்றியைப் பெறுபவரும் அவர். இதில் ஈந்தவர் யார்? தனதல்லாததை எடுத்து வழங்குவதை எந்த அறநூலும் ஈகை என்னாது. மனைவியின் விருப்பத்தைக் கேட்டிருக்கலாமே என்றால், "இதற்கெல்லாமா கேட்பார்கள்?" என்று வியப்பவர்கள் நம்மிடையே இன்றும் உளர். பண்பானவர்கள்தாம், பணப்பெட்டியைத் திறக்கும்போது மட்டும் மறவாமல் மனைவியைக் கேட்பவர்கள்.

பெறுபவர் கடமைக்கும் எல்லை உண்டு. மொய் எழுதும் நோட்டில் ரூபாய்க்கு இடம் உண்டு, குத்துவிளக்குக்கும் இடம் உண்டு. 32 மணி நேரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதாதது திருப்பித்தர வேண்டாதது என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். வேறு சிலர் அதைத் தீராக் கடனாக எண்ணி அஞ்சி, அப்பொருளைக் கண்ணில் படாமல் வைத்துவிடுகின்றனர். கொடுத்தவள் வரும் நாளில் மட்டும் அதை எடுத்து விரித்துவைக்கும் நாடகத்தை நான் விரும்புவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மரப்பெட்டியாக இருந்த நாளில் அதன் தலையில் குரோஷா விரிப்புக்கு ஓர் அரியாசனம் இருந்தது. இன்று அது சுவரில் ஒட்டிய பலகை. விரிப்பு எங்கே அமரும்? காலம் மாறிய குற்றத்தைப் பெற்றவர் தலையில் ஏற்றலாகாது. கொடுத்த பின் அது அவருடையது. மடித்து வைக்கவும், பிறருக்கு அளிக்கவும், பிரிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

'பிரிக்கவும்' என்றதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். வெட்டித் தைத்த துணி மீண்டும் துணியாவதில்லை. குரோஷாவோ, இறுதி முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுத்தால் நூலாகத் திரும்பி வந்துவிடும். கம்பளி மட்டும் பழைய கண்ணிகளின் நெளிவைச் சிலகாலம் விடாது. எங்கள் குடியிருப்பில் இருந்த ஒருவர், மாற்றலாகி ஐதராபாத் சென்ற தோழிக்கு முன்னொரு நாள் நீலத் தோள்போர்வை பின்னித் தந்திருந்தார். அங்கே அவ்வளவு குளிர் ஏது? பல ஆண்டுகளுக்குப் பின் அத்தோழி தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கூறினார்: "அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போர்வையைப் பிரித்து, சிம்லாவில் படிக்கும் பேரனுக்குக் குல்லாயும் கழுத்துக்குட்டையும் பின்னிவிட்டேன்."

மறுமுனையில் இருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நாற்காலி முதுகில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டாயா? நெளிவு போயிற்றா?"